எங்கள் குடியிருப்பின் எதிர்க்கட்சி

கொலோனில் நான் இருந்த குடியிருப்பில் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் எதிர்க்கட்சி. அவர் எந்தக் கட்சியிலும் இல்லை. நாலு தமிழர் கூடிய இடத்தில் நாலு பேரும் ஒரே பக்கம் சாய்ந்துவிட்டால் அவருக்குப் பொறுக்காது. அங்கே வராத ஐந்தாவது ஆளுக்காகக் கதைக்கத் தொடங்கிவிடுவார். அந்த ஐந்தாவது ஆளே நேரில் வந்திருந்தாலும் அவ்வளவு நன்றாகக் கதைத்திருக்கமாட்டான்.

என்னைவிட ஏழு வயது இளைய பெண். நேரில் "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் மரியாதை தானாக வந்து விழுகிறது. சனி ஞாயிறுகளில் முதியோர் இல்லத்தில் வேலை செய்தார். மற்ற நாட்களில் பல்கலைக்கழகம். அங்கே அவர் ஆராய்ந்தது, இடைக்காலம் முடிகிற நேரத்தில் இத்தாலியில் எழுதப்பட்ட கவிதைகளுக்கும், அதே காலத்தில் மடங்களிலும் பல்கலைக்கழகங்களிலும் துறவிகள் நடத்திய தர்க்க வகுப்புகளுக்கும் என்ன உறவு என்பதை. இந்த வசனத்தைப் பிழையில்லாமல் சொல்ல எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதற்கு முதல் யாராவது கேட்டால் "இத்தாலியன் படிக்கிறா" என்று சொல்லிவிடுவேன். பீட்சாக் கடை போடப் போகிறாராக்கும் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொள்வார்கள். நான் மறுப்பதில்லை. எங்கள் ஆட்களில் பாதிப்பேர் அப்போது இத்தாலியன் உணவகங்களின் குசினியில்தான் நின்றார்கள்.

அவருடைய வழக்கம் ஒன்றைச் சொன்னால் ஆளையே சொன்ன மாதிரி. யாரோடு வாதம் என்றாலும் எதிராளி சொன்னதை முதலில் தானே எடுத்துச் சொல்வார். கிளிப்பிள்ளை மாதிரி அல்ல. தூசு தட்டி, கிழிந்த இடத்தைத் தைத்து, இஸ்திரி போட்டு நீட்டுவார். பிறகு, "நீங்கள் சொல்லுறது இதுதானே? சரியோ?" என்று கேட்பார். எதிராளி "ஓம்" சொல்லும்வரை தன்னுடைய பதிலைத் தொடங்கவே மாட்டார். அந்தத் துறவிகளின் வகுப்பில் அதுதான் சட்டமாம். ஆட்சேபத்தைத் திருப்பிச் சொல்லத் தெரியாதவன் பதில் சொல்லக் கூடாது. அவர் அந்தச் சட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். மாடிப்படியில், பேருந்தில், மீன் கடையில் எல்லாம் கொண்டுதிரிந்தார்.

எனக்கு அது முதன்முதலில் கருவாட்டால் தெரியவந்தது.

நான் அப்போது பாண் போடுகிற தொழிற்சாலை ஒன்றில் இரவு வேலை. காலை ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்து, பசியில் கருவாடு பொரிப்பேன். ஒருநாள் மேல்வீட்டு ஜெர்மன்காரர் என் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தார். ஓய்வுபெற்ற ட்ராம் சாரதி. தாளில் மூன்று சொற்கள், ஏழு ஆச்சரியக்குறிகள். என்னுடைய ஜெர்மன் மாவு, அடுப்பு, கெதியாக என்பவற்றைத் தாண்டாது. ஆகவே எதிர்வீட்டில் இருந்த இவரிடம் போனேன்.

"பிள்ளை, உதுக்கு நல்ல சூடா ஒரு பதில் எழுதித் தாங்கோ. நானும் வாடகை குடுக்கிறன்."

அவர் தாளை வாசித்து, மணக்கிறது என்று எழுதியிருக்கிறது என்றார். எழுதவில்லை. மேலே ஏறிப் போனார். ஒரு மணித்தியாலம் கழித்து இறங்கி வந்து என் கதிரையில் இருந்தார்.

"அண்ணை, நீங்கள் விடிய ஆறு மணிக்குக் கருவாடு பொரிக்கிறியள். அவரின்ர மனுசி போன வருசம் செத்துப்போனா. அவவின்ர கோட்டுகள் இன்னும் மேல, உடுப்புக் காயப்போடுற அறையிலதான் தொங்குது. அதில மனுசியின்ர மணம் இருக்காம். இடைக்கிடை போய் நிண்டிட்டு வாறவராம். உங்கட கருவாடு ஏறினால் அது போயிடும். இதுதான் அவர் சொல்லுறது."

"தாளில மணக்குது எண்டு மட்டும்தானே கிடக்கு?"

"தாளில மூண்டு சொல்லுத்தான் எழுதினவர். மிச்சத்தை ஆராவது போய்க் கேக்கவேணுமல்லோ."

நான் மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் போனேன். வந்து சேர்ந்தது எதிரியின் வக்கீல். ஆனால் அதோடு அவர் விடவில்லை. என்னுடைய பக்கத்தையும் அதேமாதிரி இஸ்திரி போட்டு மேலே கொண்டுபோனார். இந்த மனிதனுக்கு உங்கள் விடியல்தான் இராச்சாப்பாட்டு நேரம். இரவு முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு வருகிறான். சமைத்து வைக்க வீட்டில் ஆள் இல்லை. கிழவர் கேட்டுவிட்டு "யா" என்றாராம். அந்த ஞாயிற்றுக்கிழமை கிழவரும் நானும் சேர்ந்து கோட்டுகளை அவருடைய அறை அலுமாரிக்கு இறக்கினோம். என் கையில் இருந்த கோட்டில் ஏதோ சவர்க்கார மணம் மெல்லிசாக இருந்தது. நான் மூச்சை அடக்கிக்கொண்டுதான் படியிறங்கினேன். என் மூச்சிலேயே கருவாடு இருக்குமோ என்ற பயம்.

இப்படிச் சொன்னால் அவரை எல்லோருக்கும் பிடித்திருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. சண்டை பிடிக்கிற ஆசையோடு வருகிறவனுக்கு அவரைப்போல ஒரு தொல்லை கிடையாது. தமிழ்ச் சங்கத்துக் கூட்டம் ஒன்றில் தலைவரை விழுத்தவென்று ஆறு மாதமாய்த் திட்டம் போட்டு வந்த கோஷ்டிக்கு முன்னால் எழுந்து, தலைவருடைய பக்கத்தைத் தலைவருக்கே தெரியாத அளவுக்கு அழகாகச் சொன்னார். பிறகு அதைத் துண்டு துண்டாக மறுத்தார். இரண்டு பக்கமும் அவரோடு கதைப்பதை விட்டுவிட்டது. தலைவருக்குத்தான் கோபம் கூட. தன் பக்கத்தில் அவ்வளவு நியாயம் இருந்தது தனக்கே தெரியாமல் போயிற்றே என்று.

ஒரு கோடையில் ஹம் நகரத்து ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் தேருக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வேதக்காரர், தேவாலயத்துக்குப் போகிறவர். இருந்தாலும் சனத்தைப் பார்க்க ஆசை என்று வந்தார். கொலோனிலிருந்து ஹம் வரைக்கும் ரயிலில் அவர் புத்தகம் வாசிக்க, நான் பகிடி விட, அவர் சிரிக்காமல் ஒற்றையைப் புரட்ட, அப்படியே போய்ச் சேர்ந்தோம். அன்னதான வரிசையில் எனக்குத் தெரிந்த ஹம்காரர் ஒருவர் பாயாச வாளியோடு நின்றார். வார இறுதியில் பிள்ளைகளுக்குச் சைவ வகுப்பு எடுக்கிறவர். இவருடைய படிப்பை விசாரித்தார். இவர் சொன்னார். அகப்பை அந்தரத்தில் நின்றது.

"பிள்ளை, கோவிக்காதேங்கோ. எங்கட சனம் எல்லாத்தையும் விட்டிட்டு ஓடிவந்திருக்கு. பிள்ளையள் அவுஸ்பில்டுங் எண்டு தொழிற்பயிற்சி முடிச்சு ஒரு தொழிலில காலூண்ட வேணும் எண்டு நாங்கள் இஞ்சை படுறபாடு. நீங்கள் என்னண்டால் செத்துப்போன இத்தாலிக்காரன்ர பாட்டைப் படிக்கிறியள். ஆருக்குப் பிரயோசனம்?"

நான் நைசாக வரிசையில் முன்னேறப் பார்த்தேன். இவர் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"நீங்கள் சொல்லுறது இதுதானே அண்ணை. எங்கட சனத்துக்கு இப்ப படிச்ச ஆக்கள் தேவை. படிக்க வசதி கிடைச்ச ஒராள் அதை எங்களுக்கு உதவாத ஒண்டில விட்டால், அது அவவின்ர சொந்த விருப்பம் மட்டும் இல்லை, மற்ற ஆக்களின்ர பங்கையும் எடுத்த மாதிரி. அதோட, இத்தாலிப் பாட்டை ஆராய இத்தாலியிலயே ஆயிரம் பேர் இருக்கினம். எங்கட பாட்டை ஆராயத்தான் ஆள் இல்லை. சரியோ?"

கடைசி வரியை அவர் யோசித்திருக்கவே இல்லை. முகம் மலர்ந்துபோயிற்று. "ஓம் ஓம்! அதேதான். கடைசியாச் சொன்னது நல்ல பொயின்ற்!"

"இனி என்ர பதில். அந்தக் காலத்து இத்தாலி ஊர்களில ஒரு கட்சி வெண்டால் மற்றக் கட்சிக்காரரை ஊரைவிட்டுக் கலைச்சுப்போடுவினம். அப்பிடிக் கலைபட்ட ஆக்கள் கொஞ்சப்பேர், படிச்சவையின்ர லத்தீனை விட்டிட்டு, வீட்டில கதைச்ச மொழியில கவிதை எழுதினவை. கோவத்தோடதான் எழுதினவை. எண்டாலும் தங்களைக் கலைச்சவனையும் கவிதைக்குள்ள கூப்பிட்டு, உன்ர கதையைச் சொல்லு எண்டு விட்டிட்டுத்தான் மறுமொழி சொல்லுவினம். எங்களையும் கலைச்சுத்தானே விட்டவை அண்ணை. அந்தக் கோவத்தோட அது எப்பிடி ஏலும் எண்டு எனக்குப் பாக்கவேணும்."

ஹம்காரர் அகப்பையை வாளியில் சாய்த்து வைத்தார். பின்னால் நின்ற பெண்கள், "அண்ணை, பாயாசம் ஆறுது, வகுப்பைப் பிறகு எடுங்கோ!" என்று கத்தினார்கள்.

"பிள்ளை," என்றார் அவர், "மற்றவன்ர கொள்கையை முதல் ஒழுங்காச் சொல்லிப்போட்டுப் பிறகு எங்கட கொள்கையைச் சொல்லுறது எங்கட சித்தாந்தத்தில இருக்கு. பரபக்கம், சுபக்கம் எண்டு சொல்லுவம். உங்களுக்கு ஆர் இதைப் பழக்கினது?"

"இத்தாலிக்காரர்தான்."

"அப்ப அவையும் சைவம்தான்," என்று தீர்ப்புச் சொல்லி இவருடைய கோப்பையில் இரண்டு அகப்பை ஊற்றினார். எனக்கு ஒன்றுதான். நான் சைவனாகவே பிறந்ததில் ஒரு பலனும் இல்லை.

பிறகு ஒரு காலத்தில் அவருடைய டொக்டர் பட்டத்துக்கான வாய்மொழிப் பரீட்சைக்கும் போனேன். கலியாண கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தேன். வேர்த்தது எனக்குத்தான். ஒரு பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு ஆட்சேபம் சொன்னார். பாதி எனக்கு விளங்கவில்லை. அந்தப் பாதியை இவர் பின்னேரம் சொல்லி விளங்கினேன். பேராசிரியர் சொன்னது, அந்தக் கவிஞர்கள் சொந்தமாக ஒன்றும் யோசிக்கவில்லை, துறவிகள் யோசித்ததற்குக் கவிதையால் உடுப்புத் தைத்தார்கள், அவ்வளவுதான் என்று. இவர் அதைத் திருப்பிச் சொன்ன விதத்தில் பேராசிரியரே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். அவர் "யா" சொன்ன பிறகு இவர் சொன்ன பதில்தான் முழு ஆராய்ச்சியும். துறவிகளின் வகுப்பில் ஆட்சேபத்துக்கு ஓர் இலக்கம் இருக்கும். முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. கவிதைக்குள் வந்ததும் அந்த ஆட்சேபத்துக்கு ஒரு முகம் வந்துவிடுகிறது. அதற்கு ஓர் ஊர் உண்டு. சிலவேளை அழுகிறது. இலக்கத்துக்குச் சொல்கிற பதிலை அழுகிற முகத்துக்குச் சொல்ல முடியாது. ஆகவே கவிஞர் புதிதாக யோசிக்கத்தான் வேண்டியிருந்தது.

முதியோர் இல்லத்தில் ஒரு கிழவி இருந்தாவாம். ஒவ்வொரு பின்னேரமும் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்து, அம்மா தேடுவா, வீட்டுக்குப் போகவேணும் என்பாவாம். மற்றவர்கள் "உங்கள் அம்மா செத்து நாற்பது வருடம்" என்பார்கள். கிழவி புதிதாகக் கேட்பதுபோல அழுவா. இவர் மட்டும் பக்கத்தில் இருந்து, "இருட்டுப்படப் போகுது, அம்மா ஜன்னலாலே பாத்துக்கொண்டு நிப்பா, சொல்லாமல் வந்திட்டன் எண்டு உங்களுக்கு மனம் கேக்கேல்லை. அதுதானே?" என்று ஜெர்மனில் கேட்பாராம். கிழவி "யா" என்றுவிட்டுக் கோட்டைக் கழற்றிவிடுவாவாம்.

"பிறகு என்ன பதில் சொல்லுவீங்கள்?" என்று கேட்டேன்.

"பிறகு ஒண்டும் சொல்லத் தேவையில்லை அண்ணை. தேத்தண்ணி குடிப்பம்."

இனி என்னுடைய வழக்கு. இதைச் சொல்லாமல் தப்பலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

ஊரில் போர் நின்றிருந்த சமாதான காலத்தில் பாதை திறந்தபோது நான் யாழ்ப்பாணம் போய்க் கலியாணம் செய்தேன். மனைவியோடு பதினெட்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினேன். அவளைக் கூப்பிட அன்ராக், அதாவது விண்ணப்பம், போட்டேன். இங்கே வெளிநாட்டவர் அலுவலகத்தில் என்னையும், கொழும்புத் தூதரகத்தில் அவளையும் தனித்தனியே விசாரித்தார்கள். என்னை விசாரித்த அதிகாரி அம்மா கேட்டார்: ஏன் கலியாணம் செய்தீர்கள்?

நான் பகிடிக்காரன். கண்டவர் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். நானும் அதைக் காப்பாற்ற வேண்டாமா. "என்ர சமையலை நானே திண்டு அலுத்துப்போச்சு" என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. எழுதினார்.

கொழும்பில் என் மனைவியிடம் கேட்டார்கள்: கணவருக்கு என்ன வேலை? "சொக்லேட் தொழிற்சாலையில் ருசி பார்க்கிற வேலை" என்றாள். வீடு எப்படி? "நாலு அறை. வீட்டுக்குப் பின்னால் ஆறு ஓடுகிறது." பாவம், அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. எல்லாம் தொலைபேசியில் நான் சொன்னவை. என்னிடம் இருந்தது ஒரு அறை. பின்னால் ஓடியது ட்ராம்.

மறுத்துவிட்டார்கள். இவர்கள் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், இது பேருக்குச் செய்த கலியாணம் என்று. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபம் எழுதலாம், அதற்கு மேல் இல்லை. மனைவிக்குச் சொன்னபோது அவள் அழவில்லை. "நான் பிழையாச் சொல்லிப்போட்டனோ?" என்று மட்டும் கேட்டாள். அன்றைக்கு எனக்கு வாயில் ஒரு பகிடியும் வரவில்லை.

எதிர்க்கட்சியிடம் போனேன். மூன்று நாள் இருந்து ஐந்து பக்கம் எழுதினார். அந்தளவு ஜெர்மன் வாசிக்க அப்போது பழகியிருந்தேன்; முதல் பக்கத்தை இரண்டுதரம் வாசித்தேன். இந்த விண்ணப்பத்தை ஏற்கக் கூடாது என்றே தோன்றுகிறது, என்று தொடங்கியிருந்தது. முதலாவது, சேர்ந்து வாழ்ந்தது பதினெட்டு நாள்தான். இரண்டாவது, வேலையும் வீடும் பற்றி இருவர் சொன்னதும் பொருந்தவில்லை. மூன்றாவது, சமையலுக்காகவே மணந்ததாகக் கணவரே சொல்லியிருக்கிறார்.

"பிள்ளை, நீங்கள் ஆரின்ர ஆள்?"

"பொறுங்கோ அண்ணை. தங்கட பக்கத்தை நாங்கள் விளங்கிக்கொண்டிட்டம் எண்டு கண்டால்தான் அவை எங்கட பக்கத்தை வாசிப்பினம்."

இரண்டாவது பக்கத்தில் நாலாவது ஒன்று இருந்தது. அது அலுவலகம் சொல்லாதது. இவருடைய சொந்தக் கைவேலை. மிகப் பாரதூரமான கேள்விக்கே பகிடியாகப் பதில் சொல்கிற ஒரு மனிதரிடமிருந்து அந்தப் பெண்ணுக்கு இதுவரை கிடைத்தவையும் பகிடிகளே. தான் யாரிடம் வருகிறோம் என்று அவருக்குத் தெரியாது. மொழி தெரியாத நாட்டில் அதை வந்து கண்டுபிடிக்க விடுவது சரியல்ல. அந்தப் பெண்ணுடைய நன்மைக்காகவே இதை மறுக்க வேண்டும்.

"இதை வெட்டுங்கோ. அவைக்கு இது யோசனையிலயே இல்லை."

"ஏலாது அண்ணை. இதுதான் உள்ளதுக்குள்ள பெரிய ஆட்சேபம்."

மூன்றாம் பக்கத்திலிருந்து பதில்கள். முதல் மூன்றுக்கும் ஆணி அடித்த மாதிரி. நாலாவதுக்கு ஒரே வரி: இதற்கு விண்ணப்பதாரர் தாமே பதில் சொல்வார்.

"நான் என்னத்தைச் சொல்லுறது?"

"எனக்கெப்பிடித் தெரியும்? அவ உங்கட மனுசி."

தவணை முடிகிற நாளன்று, எங்கள் தமிழர் ஒருவருடைய தொலைபேசிக் கடையில் பக்ஸ் அனுப்பப் போனேன். ட்ராமில் போகும்போது முதல் இரண்டு பக்கத்தையும் தொடவில்லை. பார்க்கப் பயம். பின் மூன்றையும் திருப்பித் திருப்பி வாசித்துத் தெம்பு எடுத்தேன். வாசித்த மூன்றையும் அப்படியே புரட்டி வைத்துவிட்டேன் போல. கடைக்காரரோடு பகிடி விட்டுக்கொண்டு ஐந்தையும் இயந்திரத்தில் வைத்தேன். அது ஐந்தையும் இழுத்தது. "போட்டுது அண்ணை," என்றார் கடைக்காரர். ஆளுக்கொரு கோப்பி குடித்தோம்.

இரண்டு கிழமையால் அலுவலகத்து அம்மா தொலைபேசி எடுத்தார். மெதுவாக, எனக்கு விளங்கும்படி கதைத்தார். "உங்கள் கடிதம் கிடைத்தது. இரண்டு பக்கத்தில் உங்களுக்கு எதிராக நாலு காரணம் இருக்கிறது. பிறகு மூன்று வெள்ளைத் தாள். அதுதான் உங்கள் பதிலா?"

தன்னுடைய மனைவி வரக் கூடாது என்று தானே காரணம் காட்டி அரசாங்கத்துக்கு எழுதிய முதல் யாழ்ப்பாணத்தான் நானாகத்தான் இருப்பேன். அந்த அம்மா ஒரு டெர்மின் தந்தார், வந்து சந்திக்க நாளும் நேரமும். மிச்சப் பக்கத்தைக் கையில் கொண்டுவரச் சொன்னார். நான் எதிர்வீட்டுக் கதவைத் தட்டி விசயத்தைச் சொன்னேன். அவர் என் கையில் இருந்த தாள்களை வாங்கிப் புரட்டிப் பார்த்தார்.

"நீங்கள் சொல்ல வாறது இதுதானே அண்ணை. தாளுக்கு எது முகம், எது முதுகு எண்டு ஒரு மிசின் தெரிஞ்சு வைச்சிருக்க வேணும். நல்ல பக்கத்தை வாசிச்சு மனதைத் தேற்றினது குற்றமில்லை. வெள்ளைத் தாள் போறதைக் கடைக்காரர் கண்டு சொல்லியிருக்கலாம். சரியோ?"

"ஓம்," என்றேன், பரிதாபமாக.

"இனி என்ர பதில். நீங்கள் ஒரு விசரன்."

டெர்மினுக்கு இருவரும் போனோம். அவர் மொழிபெயர்க்க மட்டும் அனுமதி. அந்த அம்மா மூன்று பக்கத்தையும் ஆறுதலாக வாசித்தார். முதலாவதுக்கு நேரே ஒரு கோடு போட்டார். இரண்டாவதுக்கு ஒன்று. மூன்றாவதுக்கு ஒன்று. பிறகு தாளைக் கீழே வைத்தார்.

"நாலாவது எங்கள் கடிதத்தில் இல்லாதது. ஆனால் வாசித்த நாளிலிருந்து எனக்கு அதுதான் யோசனை. நீங்கள் பதில் சொல்வீர்கள் என்று இருக்கிறது. சொல்லுங்கள்."

என் நாக்கின் நுனியில் ஒரு பகிடி வந்து நின்றது. நல்ல பகிடி. விழுங்கினேன். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் செய்வதைத்தான் செய்தேன்.

"நீங்கள் சொல்லுறது இதுதானே அம்மா. இவன் வாயைத் திறந்தால் எது உண்மை எண்டு தெரியாது. இவனை நம்பி ஒரு பொம்பிளைப் பிள்ளை தாய் தகப்பனை விட்டிட்டு வருவாள். வந்து பாத்தால் ஆறும் இல்லை, அறையும் இல்லை. அழுகிறதுக்கும் அவளுக்கு இஞ்சை ஆளில்லை. அதுக்குத்தான் நீங்கள் மறிக்கிறியள். சரியோ?"

இவர் மொழிபெயர்த்தார். அந்த அம்மா பேனையை மூடினார். "யா. அதுதான்," என்றார். அதுவரை எனக்கு எதிரில் இருந்தது ஒரு மேசையும் ஒரு முத்திரையும்தான். இந்த அம்மா என் மனைவிக்காகக் கவலைப்படுகிறா என்பது என் வாயால் சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது.

"தொலைபேசி அட்டையில கொஞ்ச நிமிசம்தான் வரும்," என்றேன். "நான் உள்ளதைச் சொன்னால் அவள் அழுவாள். அழுது முடிய அட்டையும் முடிஞ்சிடும். பகிடி விட்டால் சிரிப்பாள். அட்டை முடியிற மட்டும் சிரிப்பைக் கேக்கலாம். அதுக்காகத்தான் ஆறு, சொக்லேட் எல்லாம். ஊரில பதினெட்டு நாளும் நான் என்ன சொன்னாலும் அவள் முதல் என்ர முகத்தைப் பாப்பாள். பாத்திட்டு, இது பகிடி, இது உண்மை எண்டு சரியாச் சொல்லுவாள். ஒருநாளும் பிழைக்கேல்லை. எனக்கு அப்பிடி ஒராள் முந்தி இருந்ததில்லை. அதாலதான் கலியாணம் பிடிச்சுது. தொலைபேசியில முகம் தெரியாது அம்மா. அதாலதான் ஏமாந்துபோனாள். நான் பொய் சொல்லாமல் இருக்கவேணுமெண்டால் அவள் என்ர முகம் தெரியிற தூரத்தில இருக்கவேணும்."

எதிர்க்கட்சி வசனம் வசனமாக மொழிபெயர்த்தார். ஒரு சொல் கூட்டவில்லை. யார் சொன்னதையும் இஸ்திரி போட்டுக் கொடுக்கிறவர், அன்றைக்கு என்னுடையதைக் கசங்கினது கசங்கினபடி கொடுத்தார். அந்த அம்மா எழுதினார். நீண்ட நேரம் எழுதினார். அறிவிப்போம் என்றார்.

திரும்பி வரும்போது ட்ராமில் இவர் சொன்னார்: "நாலாவதை எழுதேக்க உங்களிட்டை அதுக்குப் பதில் இருக்கெண்டு எனக்குத் தெரியாது அண்ணை."

"இல்லாமல் இருந்திருந்தால்?"

"இல்லாட்டி அவ வரக்கூடாதுதானே."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. மூன்றாவது தரிப்பிடத்தில் விளங்கியது. எனக்காகக் கதைக்க நான் இருந்தேன், அவர் இருந்தார். தங்களுக்காகக் கதைக்க அலுவலகக்காரர் இருந்தார்கள். அந்த ஐந்து பக்கத்திலும் என் மனைவிக்காக எழுதப்பட்டிருந்தது நாலாவது ஒன்றுதான். முகத்தைக்கூடக் கண்டிராத ஒருத்திக்காக என்னையே எதிர்த்து நிற்க என் பக்கத்தில் ஒராள் இருந்திருக்கிறார். கடவுள் எனக்குத் தந்த நன்மைகளை எண்ணச் சொன்னால் நான் இன்றைக்கும் அங்கேயிருந்துதான் தொடங்குவேன்.

ஆறு கிழமையில் கடிதம் வந்தது. ஏற்றிருந்தார்கள்.

அவள் வந்த அன்றைக்கு டுசல்டோர்வ் விமான நிலையத்தில் மழைக் குளிர். எதிர்க்கட்சியும் வந்திருந்தார், கையில் பெண்களுக்கான பெரிய குளிர்க்கோட்டு ஒன்றோடு. மனைவி தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். என்னைக் கண்டதும் நின்றாள். கிட்ட வரவில்லை. என் முகத்தை, ஏதோ எழுதியிருக்கிறதுபோல, மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"நல்லா மெலிஞ்சுபோனியள்."

"ஓம். நீர் வரமாட்டீரோ எண்டு பயந்துபோனன்."

அவள் இன்னும் கொஞ்சம் பார்த்தாள். பிறகு வண்டியின் கைபிடியில் எனக்கு ஒரு பக்கம் விட்டுத் தந்தாள்.

இவர் கோட்டை அவளுடைய தோளில் போட்டுவிட்டு, "ரயிலுக்குச் சீட்டு எடுத்துக்கொண்டு வாறன்," என்று போனார். தூரத்தில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இயந்திரத்தின் முன்னால் நின்றார். ஒரு பொத்தானை அமத்துவதும், திரையை வாசிப்பதும், திரும்ப முதலில் இருந்து தொடங்குவதுமாக நின்றார். இரண்டு ரயில் போய்விட்டது. ஜெர்மனைக் கரைத்துக் குடித்த ஒருவருக்கு அந்த இயந்திரத்தில் மூன்று சீட்டு எடுக்க அவ்வளவு நேரம் தேவையே இல்லை.